கடலோர வீட்டுச் சுவருக்கு நிறம் பார்ப்பது எப்படி?

இராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில் எங்கள் வீட்டு ஹாலில் ஒரு சுவருக்கு மட்டும் அடர் நீலம் அடித்தேன். ஷேடு கார்டில் அப்படி ஓர் அழகு. கார்த்திகை மழை முடிவதற்குள் அந்த நீலத்தின் மேல் திட்டுத்திட்டாக உப்புப் பூத்து, தேசப்படம் மாதிரி ஆகிவிட்டது. அடர் நிறத்தில் உப்பு பளிச்சென்று தெரியும். இராமநாதபுரம் கரையில் வீடு வைத்திருப்பவர்கள் நிறத்துக்கு முன்னால் சுவரைப் பார்க்க வேண்டும்.

முதலில் ஈரம். ஒரு முழம் பிளாஸ்டிக் தாளைச் சுவரில் வைத்து, நான்கு ஓரமும் டேப் ஒட்டி, ஒரு நாள் விடுங்கள். சுவரை ஒட்டிய பக்கம் வியர்த்திருந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது. அது வெளியே வரும்போது சிமெண்டிலும் மணலிலும் உள்ள உப்பையும் கூட்டிக்கொண்டு வரும். பூத்த உப்பைக் காய்ந்த பிரஷால் தட்டி எடுங்கள். தண்ணீர் விட்டுக் கழுவினால் கரைந்து மறுபடி உள்ளேதான் போகும். ஈரம் வரும் வழியை அடைக்காமல் பட்டி பார்ப்பது வீண் செலவு. புதுப் பூச்சு என்றால் குறைந்தது 28 நாள் பொறுங்கள். தை பிறந்த பிறகு வேலையை ஆரம்பிப்பது நல்லது.

அப்புறம் வெளிச்சம். மேற்கு அறையில் சாயங்கால வெயிலே மஞ்சளாக விழும். அங்கே ஆரஞ்சு அடித்தால் கண்ணைக் குத்தும். இளம்பச்சை, சாம்பல் கலந்த நீலம் சரியாக இருக்கும். வெயில் எட்டாத அறைக்குக் குருத்தோலை நிறம். சில ஷேடு கார்டுகளில் எல்.ஆர்.வி. என்று ஓர் எண் இருக்கும்; அந்த நிறம் எவ்வளவு வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும் என்பதன் அளவு அது. 0 என்றால் கறுப்பு, 100 என்றால் வெள்ளை. சின்ன அறைக்கு 60க்கு மேல் எடுங்கள்.

60-30-10 என்று ஒரு சதவீதக் கணக்கு சொல்வார்கள்: சுவர்களுக்கு ஒரு நிறம், திரைச்சீலை, மெத்தை விரிப்புக்கு இன்னொன்று, எடுப்பான நிறம் கடைசிப் பத்துக்கு. டேப் வைத்து அளக்க வேண்டாம்; எடுப்பான நிறம் கொஞ்சமாக இருந்தால் போதும்.

அந்தக் கொஞ்சத்தை எங்கே அடிப்பது? குளியலறையை ஒட்டிய சுவரும் மழைச்சாரல் அடிக்கும் வெளிச்சுவரும் வேண்டாம். இரண்டு அறைக்கு நடுவில் உள்ள சுவர்தான் பத்திரம். எங்கள் படுக்கையறையில் கட்டிலின் தலைமாட்டுச் சுவர் அப்படிப்பட்டது. கருப்பட்டி நிறம் அடித்தோம், அப்படியே இருக்கிறது. நீல ஆசை விடவில்லையா? கதவுக்கு அடியுங்கள். மரத்தில் உப்புப் பூக்காது.

வாளி வாளியாக வாங்குவதற்கு முன் சாம்பிள் வாங்கி, 2 அடிக்கு 2 அடி, இரண்டு கோட் அடித்துப் பாருங்கள். ஈரத்தில் தெரியும் நிறத்தை நம்பாதீர்கள். மறுநாள் காலையில், உச்சியில், ராத்திரி விளக்கைப் போட்டு என்று மூன்று தடவை பார்க்க வேண்டும். வெள்ளை எல்.இ.டி. வெளிச்சத்தில் சந்தன நிறம் வெளிறிப்போகும்.

ஷேடு எண்ணை அலமாரிக் கதவின் உட்பக்கம் பென்சிலால் எழுதி வையுங்கள். அடுத்த மழைக்கு அப்புறம் டச்சப் செய்யக் கடைக்குப் போய், ‘அதே நீலம்’ என்று கேட்டால் யாராலும் எடுத்துத் தர முடியாது.