ஊட்டிக் கடையோடு நின்றுவிடாதீர்கள்: பிள்ளைகளுடன் ஒரு சாக்லேட் ஆலைக்கு

விடுமுறைக்கு ஊருக்கு வரும் குடும்பங்கள் ஊட்டிக்கோ கொடைக்கானலுக்கோ போய், ‘ஹோம்மேட்’ சாக்லேட்டைக் கால் கிலோ, அரைக் கிலோ என்று நிறுத்து வாங்கிக்கொண்டு திரும்புகின்றன. வாங்குங்கள், தவறில்லை. ஆனால் பல கடைகளில் விற்பது, வேறெங்கோ செய்த கட்டியை உருக்கி முந்திரி, திராட்சை சேர்த்து அச்சில் ஊற்றியதுதான். கோகோ விதையிலிருந்தே தொடங்கும் ஆலையைப் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டுமென்றால் மலையேற வேண்டியதில்லை. கோவையிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர் தெற்கே, பொள்ளாச்சிப் பக்கம் போங்கள். ஆனைமலை வட்டாரத் தென்னந்தோப்புகளில் கோகோ ஊடுபயிராக நிற்கிறது. அந்த விதையைக் கொண்டு சாக்லேட் செய்யும் சிறு ஆலைகள் இந்தப் பகுதியில் உண்டு. ஆரோவில் பக்கமும் உண்டு.

முன்கூட்டியே தொலைபேசியில் கேட்காமல் கிளம்பாதீர்கள். அக்கா மகள் டொராண்டோவிலிருந்து தன் இரண்டு பிள்ளைகளோடு வந்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை நேரே போய் நின்றோம். இயந்திரங்கள் எல்லாம் நின்றிருந்தன. பூட்டிய கதவைப் பார்த்துச் சின்னவன் அழுததை இன்னும் மறக்க முடியவில்லை. ஐந்தாறு பேர் வேலை செய்யும் இடங்கள் இவை. “என்றைக்கு வறுப்பீர்கள், என்றைக்கு அச்சில் ஊற்றுவீர்கள்?” என்று கேட்டு, அந்த நாளுக்குப் போனால்தான் போன பலன் கிடைக்கும். பக்கத்தில் தோப்பையும் பார்க்க முடியுமா என்று சேர்த்துக் கேளுங்கள். கோகோ அறுவடை பெரும்பாலும் செப்டம்பர் முதல் ஜனவரி வரையும், ஏப்ரல் முதல் ஜூன் வரையும். கிறிஸ்துமஸ், பொங்கல் விடுமுறையில் வருகிறவர்களுக்கு அது வசதி.

தோப்புக்குப் போக முடிந்தால் அவசியம் போங்கள். கோகோ, பலாவைப் போல அடிமரத்திலேயே காய்க்கும். பழுத்த காயை உடைத்தால் உள்ளே வெள்ளைச் சதை மூடிய விதைகள் வரிசையாக ஒட்டியிருக்கும். அந்தச் சதையைச் சப்பச் சொல்லுங்கள். இனிப்பும் புளிப்புமாக நாக்கில் வழுக்கும். அடுத்த முறை கேட்டுக்கொண்டு போனபோது, சின்னவன் அவசரத்தில் விதையையும் கடித்துவிட்டான். உள்ளே ஊதா நிறம், வாயெல்லாம் கசப்பு. “இதுவா சாக்லேட்?” என்று அவன் கேட்டதற்குத்தான் அன்றைய மீதிப் பொழுது முழுவதும் பதிலாக அமைந்தது.

சதையோடு விதையைப் பெட்டியில் கொட்டி, வாழையிலையோ சாக்கோ போட்டு மூடி, ஐந்தாறு நாள் புளிக்க விடுகிறார்கள். கிட்டே போனால் காடி நெடி மூக்கைத் துளைக்கும். பிள்ளைகள் முகம் சுளித்தாலும் பரவாயில்லை, நின்று பார்க்கட்டும். இந்தப் புளிப்பு இல்லையேல் சாக்லேட்டின் மணமே வராது. பிறகு வெயிலில் உலர்த்தல், வறுத்தல், உடைத்துத் தோல் நீக்கல். எங்களோடு வந்த அம்மா, காற்றில் தோல் தனியே பறப்பதைப் பார்த்ததும், “அட, முறத்தில் புடைக்கிற மாதிரிதானே!” என்றார். அடுத்த அறையில் அவருக்கு இன்னும் பழகிய ஒன்று இருந்தது: கருங்கல் கிரைண்டர். இட்லிக்கு மாவரைக்கும் கோவை கிரைண்டரைச் சற்று மாற்றித்தான் வெளிநாடுகளிலும் சிறு சாக்லேட் தயாரிப்பாளர்கள் பலர் வேலையைத் தொடங்கினார்கள். இட்லி மாவு அரை மணி, முக்கால் மணியில் முடிந்துவிடும். இதுவோ சர்க்கரை சேர்த்து இரண்டு மூன்று நாள்கூட விடாமல் ஓடும். பாட்டி பேரனுக்கு விளக்கிச் சொல்ல இதைவிட நல்ல இடம் கிடையாது. வீட்டுப் பெரியவர்களைக் காரிலேயே உட்கார வைத்துவிடாதீர்கள்.

உள்ளே போகுமுன் சில விஷயங்கள். தலைக்கு வலை, சில இடங்களில் வேறு செருப்பு தருவார்கள். ஈரக் கையோடு எதையும் தொட விடாதீர்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டாலும் உருகிய சாக்லேட் திரண்டு கெட்டுவிடும். படமெடுக்கக் கேட்டுக்கொள்ளுங்கள். நிலக்கடலை, முந்திரி ஒவ்வாத பிள்ளை இருந்தால் முதல் வேலையாகச் சொல்லுங்கள். சிறிய ஆலையில் எல்லாமே ஒரே மேசையில், ஒரே பாத்திரத்தில் நடக்கும். “கொஞ்சம்தானே” என்று உறவினர் வற்புறுத்தினாலும் இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். வெளிநாட்டு அட்டை ஓடாமல் போகலாம், ரூபாயாகப் பணம் வைத்திருங்கள்.

வாங்கும்போது உறையைத் திருப்பிப் படியுங்கள். கோகோ வெண்ணெய் என்றிருந்தால் நல்லது. அதற்குப் பதிலாகத் தாவரக் கொழுப்பு முன்னால் நின்றால் அது வேறு சரக்கு. பச்சைப் புள்ளி சைவத்துக்கு அடையாளம். கோகோ வெண்ணெய் ஏறத்தாழ 34 டிகிரியில் உருகிவிடும். பொள்ளாச்சியில் சித்திரை வெயில் அதைத் தாண்டும். ஆகவே காலையில் போய், சாக்லேட்டைக் கடைசியாக வாங்கி, பூட்டிய காரில் விடாமல் கையோடு வைத்துக்கொள்ளுங்கள்.

அதே பயணத்தில் ஊட்டிக்கும் போவதென்றால், சொந்தக் காரோ வாடகைக் காரோ, இ-பாஸ் (இணையத்தில் பெறும் வாகன அனுமதி) எடுக்க வேண்டும். 2024 மே மாதத்திலிருந்து அந்த நடைமுறை இருக்கிறது.

கோகோ காயைப் பெட்டியில் வைத்து எடுத்துப்போகப் பிள்ளைகள் அடம்பிடிப்பார்கள். பச்சைக் காயையும் விதையையும் பல நாடுகள் உள்ளே விடுவதில்லை. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து போகிறவர்கள் சாக்லேட்டையும் உணவுப் பொருளென்று எழுதிக் காட்டிவிடுங்கள். காயை ஊரிலேயே உடைத்து, சதையைச் சப்பி, விதையைப் பாட்டி வீட்டு முற்றத்தில் காயப் போட்டுவிட்டுப் போகட்டும்.