நொய்யல் குளங்களின் செயற்கைக்கோள் படம்: இலவசமாக எடுத்து, அளவைக் குறைத்து, பொதுவில் வைப்பது எப்படி

நொய்யல் வழிக் குளமொன்றில் ஆகாயத்தாமரை எவ்வளவு படர்ந்திருக்கிறது, பவானிசாகர் அணையின் நீர்ப்பரப்பு கோடையில் எங்குவரை சுருங்கியது என்பதையெல்லாம் ஊராருக்குப் படமாகக் காட்ட இன்று காசு செலவழிக்க வேண்டியதில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் கோபர்னிகஸ் திட்டத்தைச் சேர்ந்த சென்டினல்-2 செயற்கைக்கோள்கள் 2015 முதல் எடுத்துவரும் படங்களை யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம், திருத்தலாம், வெளியிடலாம். ஆனால் ஒரு படத்தொகுப்பு ஏறத்தாழ ஒரு ஜிபி வரும் என்பதால், அதை அப்படியே ஊர்க் குழுவில் போட்டால் ஒருவரும் திறக்கமாட்டார்கள்.

முதலில் எவ்வளவு நுணுக்கம் வேண்டும் என்று முடிவு செய்துகொள்ளுங்கள். சென்டினல்-2 படத்தில் ஒரு பிக்சல் தரையில் 10 மீட்டருக்கு 10 மீட்டர்; எனவே அரை ஏக்கர்க் குட்டை சுமார் 20 பிக்சல்களாகத் தெரியும், தோட்டத்துக் கிணறோ ஒரு பிக்சலுக்குள் கரைந்துவிடும். தென்னை மரங்களை ஒவ்வொன்றாக எண்ணுமளவுக்குத் துல்லியமான படங்கள் பெரும்பாலும் விற்பனைக்குரியவை. கூகுள் எர்த் திரையைப் படம்பிடித்துத் தம் படம்போல் வெளியிடுவோர் பலர் உண்டு. அந்தப் படங்களுக்கு உரிமையாளர்கள் இருப்பதால் அந்த வழியை நான் பரிந்துரைக்கமாட்டேன். பழைய நிலையோடு ஒப்பிட வேண்டுமானால் அமெரிக்காவின் லேண்ட்சாட் செயற்கைக்கோள்கள் 1972 முதல் எடுத்துவரும் படங்களும் இலவசமாகவே கிடைக்கின்றன. அவற்றின் பிக்சல் பெரியது, 2013-இல் ஏவிய லேண்ட்சாட் 8-இல் 30 மீட்டர்.

கோபர்னிகஸ் பிரவுசர் தளத்தில் இலவசக் கணக்கு தொடங்கி, உங்கள் ஊரை வரைபடத்தில் குறித்து, தேதியையும் மேக அளவின் உச்ச வரம்பையும் கொடுத்துத் தேடுங்கள். தென்மேற்குப் பருவக்காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியே வீசும் மாதங்களில் கோவையின் மேற்குப் பகுதிக்குத் தெளிந்த படம் அரிதாகவே அமையும். ஜனவரி முதல் மார்ச் வரை தேடுவதே நல்லது. மேக விழுக்காடு ஒரு படத்தொகுப்பில் அடங்கும் சுமார் 110 கிலோமீட்டர் சதுரம் முழுவதற்குமான கணக்கு என்பதால், 5 விழுக்காடு என்று போட்டிருந்தாலும் அந்த ஐந்தும் உங்கள் குளத்தின் மேலேயே நின்றிருக்கக்கூடும். முன்தோற்றத்தைப் பார்க்காமல் இறக்காதீர்கள். எல்2ஏ என்ற வகையைத் தேர்ந்தெடுங்கள்; வளிமண்டலப் புகைமூட்டத்தின் தாக்கம் அதில் ஏற்கெனவே திருத்தப்பட்டிருக்கும். தொகுப்புக்குள் 10 மீட்டர்க் கோப்புறையில் பெயரில் டிசிஐ (TCI) என்று வரும் கோப்புதான் கண்ணுக்கு இயல்பான வண்ணப்படம்.

கொங்கு நாட்டுக்காரருக்கு வரும் தொல்லை ஒன்று உண்டு. கிழக்குத் தீர்க்கரேகை 78 பாகை நம் பகுதியின் ஊடே செல்வதால், கோவை, திருப்பூர், ஈரோடு நகரங்கள் யுடிஎம் (UTM) என்ற வரைபட முறையின் 43-ஆம் மண்டலத்திலும், கரூரும் நாமக்கல்லும் 44-ஆம் மண்டலத்திலும் விழுகின்றன. நொய்யல் காவிரியில் சேரும் இடம்வரை ஒரே படமாக்க வெவ்வேறு மண்டலத் துண்டுகளை ஒட்டப் பார்த்தால், ஒரு துண்டை மென்பொருள் விட்டுவிடக்கூடும். எனவே கியூஜிஐஎஸ் என்ற இலவச மென்பொருளில் 'வார்ப்' கருவியால் எல்லாத் துண்டுகளையும் ஒரே மண்டலத்துக்கு மாற்றிய பிறகே ஒட்ட வேண்டும்.

அளவைக் குறைப்பதில் முதல் வேலை வெட்டுவது. முழுச் சதுரம் 10,980-க்கு 10,980 பிக்சல். மூன்று வண்ணங்களுக்கும் சேர்த்து, சுருக்காமல் சுமார் 362 எம்பி. உங்களுக்கு வேண்டிய 20 கிலோமீட்டர் சதுரத்தை மட்டும் வெட்டினால் 2,000-க்கு 2,000 பிக்சல், அதாவது 12 எம்பி. பலரும் இதை மறந்துவிட்டுச் சுருக்கும் முறைகளை ஆராயத் தொடங்கிவிடுகிறார்கள்.

அடுத்து, படம் பார்ப்பதற்கா அளப்பதற்கா என்று பிரித்துக்கொள்ளுங்கள். பார்ப்பதற்கென்றால் கியூஜிஐஎஸ்ஸின் 'டிரான்ஸ்லேட்' கருவியில் ஜேபெக் சுருக்கத்தைத் தேர்ந்து, தரம் 75 முதல் 85 வரை வைத்து, ஃபோட்டோமெட்ரிக் என்ற அமைப்புக்கு ஒய்சிபிசிஆர் (YCbCr) என்று கொடுங்கள். இந்தக் கடைசி அமைப்பை விட்டால் கோப்பு வீணாகப் பருத்துவிடும். அந்த 12 எம்பி பெரும்பாலும் ஓரிரு எம்பிக்குள் அடங்கிவிடும். பயிர்ப் பசுமையையோ நீர்ப்பரப்பையோ கணக்கிட வேண்டுமானால் ஜேபெக் கூடவே கூடாது. அது படத்தை 8-க்கு 8 பிக்சல் கட்டங்களாகப் பிரித்துச் சுருக்குவதால், நம் படத்தில் 80 மீட்டர்ச் சதுரங்கள் பொய்யாக முளைக்கும். மூலத்தை அழித்துவிட்டு ஜேபெக் பிரதியை மட்டும் வைத்திருந்த நான், காட்டுக்கு நடுவே இல்லாத வரப்புகளைக் கண்டு ஒரு மாலை முழுவதும் குழம்பியதுண்டு. அளக்கும் படத்துக்கு டீஃப்ளேட் (DEFLATE) என்ற சுருக்க முறையும் அதன் பிரிடிக்டர் (PREDICTOR) அமைப்புக்கு 2 என்ற மதிப்பும் போதும். எந்தப் பிக்சலின் மதிப்பும் மாறாது.

இணையதளத்தில் வைப்பதானால் கிளவுட் ஆப்டிமைஸ்டு ஜியோடிஃப் வடிவில் சேமியுங்கள். உள்ளே சிறு ஓடுகளாகவும், குறைந்த பிரிதிறன் கொண்ட பிரதிகளோடும் அடுக்கப்பட்டிருப்பதால், பார்ப்பவரின் கருவி தனக்கு வேண்டிய பகுதியை மட்டும் இறக்கிக்கொள்ளும். வாட்ஸ்அப்பில் அனுப்புவதானால் புகைப்படமாக அல்லாமல் ஆவணமாக இணையுங்கள். இல்லாவிட்டால் அந்தச் செயலி மீண்டும் ஒருமுறை சுருக்கிவிடும்.

படத்தின் அடியில் எடுத்த தேதியையும், 'மாற்றியமைக்கப்பட்ட கோபர்னிகஸ் சென்டினல் தரவு' என்ற குறிப்பை ஆண்டோடும் சேர்த்து எழுதுங்கள். இலவசமாகக் கிடைப்பதற்கு உரிமம் கேட்கும் நிபந்தனை இந்தக் குறிப்பு.