புதுக் கேமிங் கொம்பியூட்டர் திக்குகிறதா? காசு செலவழிக்க முதல் இதைப் பாருங்கள்

பாட்ஸ் எல்லாம் புதுசு, விண்டோஸும் போட்டாச்சு, ஆனாலும் கேம் திக்கித் திக்கித்தான் ஓடுகிறது என்றால் உடனே கிராபிக்ஸ் கார்டைக் குறை சொல்ல வேண்டாம். கல்முனையில் மச்சானுக்குக் கட்டின மெஷினை (ரைசன் 5 5600 சிபியூ, அதாவது புரொசெசர்; ஆர்டிஎக்ஸ் 3060 கிராபிக்ஸ் கார்ட்) சரிப்படுத்திய ஒழுங்கிலேயே சொல்கிறேன். டிரைவர் போடத் தெரியும்தானே, அதை விட்டுவிடுகிறேன்.

முதலில் மொனிட்டர் கேபிள். அது கார்டில் இருக்க வேண்டும், யூஎஸ்பி ஓட்டைகளுக்குப் பக்கத்தில் மதர்போர்டில் அல்ல. 5600 சிபியூவுக்குள் கிராபிக்ஸ் இல்லை, பிழையாகச் செருகினால் படமே வராது. 5600ஜி போன்றவற்றில் அது உண்டு, படம் வரும், கேமும் ஓடும், அதனால்தான் பலருக்குப் பிடிபடுவதில்லை.

அடுத்து, 144 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 144 தடவை படம் மாற்றும்) மொனிட்டர் என்றால் டிஸ்ப்ளே செட்டிங்ஸில் 60இலேயே நிற்கிறதா பாருங்கள். மாற்றினால் முடிந்தது.

இனித்தான் முக்கியமான இடம்: ரேம். பெட்டியில் வேகம் 3200 என்று போட்டிருந்தாலும், பயாஸில் (விண்டோஸ் தொடங்க முதல் திறக்கிற மதர்போர்டின் செட்டிங்ஸ்) எக்ஸ்எம்பியை (ரேமைப் பெட்டியில் போட்ட வேகத்தில் ஓட்டுகிற செட்டிங்) நாம் போடாதவரை அது பெரும்பாலும் 2133, 2400, 2666 என்று ஏதாவது ஒன்றில்தான் ஓடும். சிபியூ-செட் மென்பொருளில் மெமரி பக்கம் போனால் 1066 என்று காட்டும், பயப்பட வேண்டாம், டிடிஆர் வகை ரேம் ஒரு துடிப்புக்கு இரண்டு தடவை தரவு அனுப்பும் என்பதால் அதை இரண்டால் பெருக்க வேண்டும், 3200 ரேமுக்கு 1600 காட்டினால் சரி. சில போர்டில் எக்ஸ்எம்பிக்குப் பதில் டிஓசிபி என்று இருக்கும், டிடிஆர்5 ஏஎம்டி போர்டில் எக்ஸ்போ. போட்டுவிட்டு எஃப்10 அழுத்திச் சேமியுங்கள். அப்புறம் நாலு ஸ்லொட் உள்ள போர்டில் இரண்டு ரேமையும் பக்கத்துப் பக்கத்தில் செருகாதீர்கள்; பெரும்பாலும் சிபியூவிலிருந்து எண்ணி இரண்டாவதும் நாலாவதும்தான் சரியான இடம். மச்சானுடையதில் இந்த இரண்டும்தான் பிழை. என்னைக் கேட்டால் ஒரே 16 ஜிபியை விட இரண்டு 8 நல்லது.

கடைசியாகச் சூடு. கச்சான் காற்று அடிக்கிற நாட்களில் மட்டக்களப்பில் மத்தியானம் விளையாடிப் பார்க்காமல் கூலர் நல்லது என்று யாரும் சொல்லக் கூடாது. எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற மென்பொருளைப் போட்டு விளையாடும்போதே சூட்டைத் திரையில் பாருங்கள், எந்தக் கம்பனிக் கார்டுக்கும் அது வேலை செய்யும். போர்டோடு வருகிற கலர் லைட் மென்பொருள்கள் எனக்குப் பிடிக்காது, சும்மா சிபியூவைத் தின்னும். சிபியூ 90 டிகிரியைத் தொட்டு வேகம் குறைந்தால், தனியாக வாங்கின கூலரின் அடியில் பிளாஸ்டிக் தாள் உரிக்காமல் இருக்கிறதா என்று கழற்றிப் பாருங்கள்.

பிறகு சேர்த்தது: எக்ஸ்எம்பி போட்டதும் திரை கறுப்பாகவே நிற்கிறது என்று காத்தான்குடியிலிருந்து ஒரு தம்பி கேட்டார். கரண்ட் வயரைக் கழற்றி, போர்டில் இருக்கும் நாணயம் போன்ற பேட்டரியைச் சில நிமிடம் எடுத்துத் திரும்பப் போட்டால் பயாஸ் பழைய நிலைக்கு வரும். பிறகு எக்ஸ்எம்பியைப் போட்டு, வேகத்தை மட்டும் கையால் 3000க்கு இறக்கிப் பாருங்கள். அவரிடம் இருந்தது இரண்டு வேறு கம்பனி ரேம், அப்படிக் கலந்தால் இந்தத் தொல்லை வரத்தான் செய்யும்.