புதுச்சேரியில் தண்ணீரோரக் குடில்: சனிக்கிழமை மட்டும் வேண்டாம்

புதுச்சேரியில் கடலோரக் குடில் தேடினால் முதலில் கண்ணில் படுவது பர்ஸைக் காலி செய்யும் வாடகைதான். சனி, ஞாயிறை விட்டுச் செவ்வாய், புதனில் போய்ப் பாருங்கள். சென்னை, பெங்களூரு கூட்டம் குறைவு. வாடகையையும் கொஞ்சம் பேசிப் பார்க்கலாம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. கீற்றுக் கூரைக்குக் கீழே படுக்க அது நேரமில்லை.

முன்பணம் அனுப்பும் முன் இரண்டே கேள்வி: கொசுவலை உண்டா? குழாயில் வருவது நல்ல தண்ணீரா? ஒருமுறை இதைக் கேட்காமல் போனோம். உப்புத் தண்ணீரில் சோப்பு நுரைக்கவே இல்லை. இரண்டு நாளும் தலை பிசுபிசுவென்றுதான் இருந்தது. ஆற்றுமுகத்துப் பக்கம் என்றால் அந்தி சாயும்போதே கொசு படையெடுக்கும். கொசுவத்திச் சுருளோடு தீப்பெட்டியும் எடுத்துக்கொள்ளுங்கள் (தீப்பெட்டியைத்தான் எல்லோரும் மறப்பார்கள்).

காருக்குச் செலவு வேண்டாம். கடலூர் பஸ்ஸில் ஏறி நோணாங்குப்பத்தில் இறங்கினால் சுண்ணாம்பாறு படகுத்துறை. அங்கிருந்து பாரடைஸ் பீச்சுக்குப் படகு போகும். அங்கே அலையின் இழுப்பு அதிகம், கால் நனைப்பதோடு சரி. அப்புறம், ராத்திரிக்குப் பரோட்டா பார்சலை ஊருக்குள்ளேயே வாங்கிவிடுங்கள்.