வால்பாறை மழைக்காட்டில் மாணவர் களப்பயணம்: திட்டமிடலும் நடத்தும் முறையும்

மழைக்காட்டின் சூழலியலைக் கல்லூரி மாணவர்களுக்குக் களத்தில் கற்பிக்க விரும்பும் ஆசிரியருக்கு, ஆனைமலைத் தொடரில் உள்ள வால்பாறைப் பீடபூமி மிகவும் ஏற்ற இடமாகும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து இங்கே காடு அழிக்கப்பட்டுத் தேயிலையும் காப்பியும் பயிரிடப்பட்டன. ஆயினும் தோட்டங்களுக்கு நடுவே சிறிதும் பெரிதுமாகக் காட்டுத் துண்டுகள் எஞ்சி நிற்கின்றன. பீடபூமியைச் சுற்றி ஆனைமலைப் புலிகள் காப்பகத்தின் தொடர்காடு விரிந்திருக்கிறது. தொடர்காடு, துண்டுபட்ட காடு, தோட்டம் ஆகிய மூன்று நிலைகளையும் ஒரே பயணத்தில் பார்த்து அளந்து ஒப்பிட முடியும் என்பதே இந்த இடத்தின் தனிச்சிறப்பு.

ஒப்பிடுவதற்குக் கேள்வி ஒன்று வேண்டும். பெரும்பாலான களப்பயணங்கள், கண்ணில் பட்ட விலங்குகளின் பட்டியலோடு முடிந்துவிடுவதற்குக் காரணம், புறப்படும் முன் எவரும் கேள்வி எதையும் வகுத்துக்கொள்ளாததுதான். நான் பரிந்துரைக்கும் கேள்வி எளிமையானது: காட்டின் விளிம்பிலிருந்து உள்ளே செல்லச் செல்ல எவையெல்லாம் மாறுகின்றன? விளிம்பில் வெயிலும் காற்றும் புகுவதால் மண்ணும் சருகும் உலர்கின்றன. நிழலில் வளரும் மரங்களின் கன்றுகள் நலிகின்றன. வட்டக்கண்ணி போன்ற வெளிச்சம் விரும்பும் மரங்களும் உண்ணிச்செடியும் பெருகுகின்றன. வால்பாறையில் இவற்றோடு ரொபஸ்டா காப்பியும் சேர்ந்துகொள்கிறது. தோட்டத்துக் காப்பிப் பழத்தைத் தின்னும் மரநாய் போன்ற விலங்குகள் விதைகளைக் காட்டுக்குள் எச்சமாக இடுவதால், எவரும் நடாமலேயே காப்பிக் கன்றுகள் காட்டின் அடித்தளத்தில் முளைக்கின்றன. மழைக்காட்டு மரங்களை அடையாளம் காணப் பல ஆண்டுப் பயிற்சி தேவைப்படும். காப்பிக் கன்றையோ முதலாமாண்டு மாணவர்கூட ஒரு மணி நேரத்தில் பிழையின்றி அறிந்துகொள்வார். மாணவர்களின் திறனுக்குள் அடங்கியதாக இருப்பதாலேயே இந்தக் கேள்வி நம்பத்தக்க தரவைத் தருகிறது.

பயணத்திற்கு டிசம்பர் பிற்பகுதியும் ஜனவரியும் உகந்தவை. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை கடுமையாகப் பெய்யும். கோடையில் காட்டுத்தீ அபாயம் கருதிச் சில பகுதிகள் மூடப்படுவதும் உண்டு. அனுமதிக்கான வேலையைக் குறைந்தது மூன்று மாதங்களுக்கு முன்பே தொடங்க வேண்டும். இந்தக் காப்பகத்தில் அடங்கிய சரணாலயத்துக்குள் ஆய்வுக்காக நுழைவதற்கு, 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 28ஆம் பிரிவின்படி அனுமதி பெறுவது கட்டாயம். எனவே எந்தெந்த இடங்களில், எத்தனை பேர், எவ்வகை அளவீடுகளைச் செய்யப்போகிறோம் என்பதையும், செடிகளையோ உயிரினங்களையோ சேகரிக்கப்போவதில்லை என்பதையும் விண்ணப்பத்தில் தெளிவாக எழுத வேண்டும். காட்டுத் துண்டுகள் பலவும் தனியார் தோட்டங்களுக்குள் இருப்பதால், அந்தந்தத் தோட்ட நிர்வாகத்திடமும் எழுத்து வழியாக இசைவு பெற வேண்டும். இருபது மாணவர்களுக்கு மேல் அழைத்துச் செல்ல வேண்டாம். ஐந்து பேர் கொண்ட நான்கு குழுக்களே ஓர் ஆசிரியரும் உதவியாளரும் கண்காணிக்கக்கூடிய எல்லை.

கருவிகளுக்குப் பெரும் செலவு தேவையில்லை. முப்பது மீட்டர் அளவை நாடா, நைலான் கயிறு, திசைகாட்டி, வெப்பநிலையையும் ஈரப்பதத்தையும் காட்டும் சிறு கருவி, அளவுகோல், பென்சில் ஆகியவை போதும். மழைத்துளி பட்டால் மை கரைந்துவிடும் என்பதால் பேனாவைத் தவிர்க்க வேண்டும். மர விதானத்தின், அதாவது மர உச்சிகள் சேர்ந்து அமைக்கும் இலைக்கூரையின், அடர்த்தியை அளக்க, வண்டிகளில் பக்கவாட்டில் பொருத்தப்படும் சிறு குவிகண்ணாடி ஒன்றில் அழியாத மையால் இருபத்துநான்கு கட்டங்கள் வரைந்துகொள்ளலாம். கண்ணாடியை இடுப்பு உயரத்தில் கிடையாகப் பிடித்து, எத்தனை கட்டங்களில் இலையும் எத்தனை கட்டங்களில் வானமும் தெரிகின்றன என்று எண்ணினால் விதானப் பரப்பின் விழுக்காடு கிடைத்துவிடும். இதை வைத்துக் கல்லூரி வளாகத்து மரங்களின் கீழேயே ஒத்திகை நடத்த வேண்டும். ஒரே இடத்தை நான்கு குழுக்களும் தனித்தனியே அளந்து, விடைகள் எவ்வளவு வேறுபடுகின்றன என்று பார்த்து, வேறுபாடு குறையும் வரை திரும்பச் செய்வது களத்தில் ஒரு நாளை மிச்சப்படுத்தும்.

களத்தில் முதலில் விளிம்பு எது என்பதை வரையறுக்க வேண்டும். கடைசித் தேயிலை வரிசைக்கு அப்பால் நிற்கும் முதல் காட்டு மரத்தைத் தொடக்கப் புள்ளியாகக் கொண்டு, விளிம்புக்குச் செங்குத்தாக நூறு மீட்டர் நீளத்துக்கு ஒரு கோட்டைத் திசைகாட்டியின் துணையோடு உள்நோக்கி அமைக்க வேண்டும். சிறிய காட்டுத் துண்டில் நூறு மீட்டர் உள்ளே சென்றால் மறுபுற விளிம்பை நெருங்கிவிடும் வாய்ப்பு இருப்பதால், செயற்கைக்கோள் படத்தில் முன்கூட்டியே சரிபார்த்துக்கொள்வது அவசியம். கோட்டின் மீது 0, 10, 25, 50, 100 மீட்டர் தொலைவுகளில் ஐந்து மீட்டர் பக்கமுள்ள சதுரக் கட்டங்களைக் கயிற்றால் வரைய வேண்டும். ஒவ்வொரு கட்டத்திலும் நான்கு மூலைகளிலும் நடுவிலும் சருகின் ஆழத்தையும் விதான அடர்த்தியையும் அளக்க வேண்டும். பிறகு ஒரு மீட்டருக்குக் குறைந்த காப்பிக் கன்றுகளையும் பிற மரக்கன்றுகளையும் தனித்தனியே எண்ண வேண்டும். தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் முப்பது சென்டிமீட்டருக்கு மேல் சுற்றளவுள்ள மரங்களை நாடாவால் அளந்து குறிக்க வேண்டும். மரத்தடியிலிருந்து பலகைபோல் விரியும் பலகை வேர்கள் அந்த உயரத்தையும் தாண்டி எழுந்திருந்தால், வேர் முடியும் இடத்துக்கு மேலே அளக்க வேண்டும். கட்டத்துக்குள் எவரும் முதலிலேயே நடந்து கன்றுகளை மிதித்துவிடக் கூடாது என்பதால் கன்றுகளை எண்ணி முடித்த பிறகே மரங்களுக்குப் போவது நல்லது. வெப்பநிலை நேரத்தோடு மாறக்கூடியது. ஒரு குழு காலை ஏழு மணிக்கும் மற்றொன்று பதினொரு மணிக்கும் அளந்தால் அந்த எண்களை ஒப்பிட முடியாது. ஒவ்வொரு இடத்திலும் இத்தகைய மூன்று கோடுகளாவது வேண்டும்.

அளவீடுகளால் மட்டும் காடு விளங்கிவிடாது. ஒரு காலை வேளை முழுவதையும் ஒரே மரத்தடியில் உட்கார்ந்து கவனிக்க ஒதுக்குங்கள். இந்தக் காடுகளின் முதன்மை மரங்களுள் ஒன்றான வெடிப்பலா, கிளைகளின் மீதே கொத்துக் கொத்தாகப் பூக்கும். சதைப்பற்றான அந்தப் பூக்களைச் சிங்கவால் குரங்கும் கருமந்தியும் மலை அணிலும் தின்ன வரும். பழுத்த அத்தி இன மரம் கிடைத்தால் இருவாச்சியையும் காணலாம். பெரிய விதைகளைக் கொண்ட பல மரங்கள் பரவுவதற்கு இருவாச்சிகளையும் மரநாய்களையும் நம்பியிருக்கின்றன என்பதை அங்கே நேரில் உணர்த்த முடியும். ஆனால் இருவாச்சியின் கூட்டுப் பொந்தை நெருங்கக் கூடாது. பெட்டை பொந்துக்குள் தன்னை அடைத்துக்கொண்டு ஆண் கொண்டுவரும் இரையையே நம்பியிருக்கும் காலத்தில் நம் நடமாட்டம் அந்த ஆணைத் தயங்க வைத்துவிடும். புதுத்தோட்டம் பகுதியில் சாலையைக் கடக்கச் சிங்கவால் குரங்குகளுக்காக மரங்களுக்கிடையே தொங்குபாலங்கள் கட்டப்பட்டுள்ளன. அங்கே சாலையோரம் நின்று, எத்தனை குரங்குகள் பாலத்தின் வழியாகவும் எத்தனை தரை வழியாகவும் கடக்கின்றன என்று பதிவு செய்யலாம். உணவு கொடுப்பதை முற்றாகத் தடை செய்யுங்கள்.

பாதுகாப்பில் சலுகை காட்ட இடமே இல்லை. பீடபூமியில் யானைகளும் சிறுத்தைகளும் தோட்டங்களுக்குள்ளேயே நடமாடுகின்றன; ஆகவே மாலை ஐந்து மணிக்குள் அனைவரும் தங்குமிடம் திரும்பிவிட வேண்டும். யானைகள் இருக்கும் இடத்தைக் குறுஞ்செய்தி மூலமும் சிவப்பு விளக்குகள் மூலமும் அறிவிக்கும் ஏற்பாடு அங்கே உள்ளது. அதை நாள்தோறும் புறப்படும் முன் விசாரித்தறிய வேண்டும். மலபார் குழிவிரியன் என்ற நச்சுப்பாம்பு கை உயரக் கிளைகளில் அசையாமல் கிடக்கும் பழக்கமுடையது. நம் மருத்துவமனைகளில் உள்ள நச்சுமுறி மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கிற்காகத் தயாரிக்கப்படுவது என்பதால், பார்க்காமல் கிளையைப் பிடிக்கக் கூடாது என்ற ஒழுங்கே இங்கு முதல் மருந்து. அட்டைகளுக்கு அஞ்சத் தேவையில்லை. முழங்கால் வரை நெருக்கமான துணியில் தைத்த காலுறை அணிந்தால் போதும். கடித்திருந்தால் நகத்தால் வாய்ப்பகுதியை மெல்ல நகர்த்தி எடுக்கலாம்.

காடர் போன்ற பழங்குடியினர் பலர் வனத்துறையில் காவலர்களாகவும் வழிகாட்டிகளாகவும் பணியாற்றுகின்றனர். அவர்கள் ஒரு மரத்தை இலை விழும் விதத்திலிருந்தும் பட்டையின் மணத்திலிருந்தும் அடையாளம் சொல்வதை மாணவர்கள் கேட்டுக் கற்க வேண்டும். வழிகாட்டிக்கு உரிய ஊதியத்தைப் பயணச் செலவில் முன்பே சேர்த்திருக்க வேண்டும். அவர் இசைந்தால் அறிக்கையில் அவர் பெயரையும் பதிவு செய்ய வேண்டும். மருந்துச் செடிகளைப் பற்றி அவர்கள் சொன்னவற்றை அனுமதியின்றி வெளியிடுவது தவறு.

அன்றன்றைய தரவை அன்றிரவே கணினியில் ஏற்ற வேண்டும். கன்று எதுவும் இல்லாத கட்டத்துக்குச் சுழியம் என்று எழுத வேண்டும். வெற்றிடமாக விட்டால், அளந்தும் கிடைக்கவில்லையா, அளக்கவே இல்லையா என்பது பிறகு தெரியாது. தொலைவை ஓர் அச்சிலும் காப்பிக் கன்றுகளின் எண்ணிக்கையை மற்றொன்றிலும் வைத்து வரைபடம் வரைந்தாலே பெரும்பாலான விவாதம் தொடங்கிவிடும். அப்போது ஒன்றை மாணவர்களுக்கு உறுதியாகச் சொல்ல வேண்டும்: ஒரே காட்டுத் துண்டில் மூன்று கோடுகள் அமைத்திருந்தாலும் நாம் ஆராய்ந்தது ஒரு துண்டைத்தான். அதைக் கொண்டு வால்பாறையின் எல்லாத் துண்டுகளைப் பற்றியும் முடிவு கூற இயலாது. இந்த அடக்கத்தை இளநிலைப் படிப்பிலேயே பழக்குவதை நான் பெரிதாகக் கருதுகிறேன்.

திரும்பும் முன் காலணிகளிலும் காலுறைகளிலும் ஒட்டிய மண்ணையும் விதைகளையும் தேய்த்துக் கழுவி உலர்த்த வேண்டும். களைச் செடிகளும் தவளைகளைத் தாக்கும் பூஞ்சையும் ஒரு காட்டிலிருந்து மற்றொன்றுக்குப் போவதற்கு நம் காலணிகள் வழியாகிவிடக் கூடாது. கட்டங்களின் இருப்பிடக் குறிகளோடு கூடிய தரவையும் அறிக்கையையும் வனத்துறை அலுவலகத்துக்கும் தோட்ட நிர்வாகத்துக்கும் அனுப்பி, ஒரு படியைக் கல்லூரித் துறையிலேயே பாதுகாத்து வையுங்கள். அடுத்த ஆண்டு மாணவர்கள் அதே கோடுகளை மறுபடி அளப்பதற்கு அது தேவைப்படும்.