வீங்கி வலிக்கும் முகப்பரு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

தொட்டாலே வலிக்கும் அளவுக்கு வீங்கிய பருவை முகத்தில் படிந்த அழுக்கின் விளைவு என்று நம்புவதிலிருந்துதான் பெரும்பாலான தவறுகள் பிறக்கின்றன. உண்மையில் அது தோலுக்குள் நடக்கும் அழற்சி. பதின்பருவத்தில் ஆண்ட்ரஜன் ஹார்மோன் கூடும்போது, மயிர்க்காலை ஒட்டியுள்ள எண்ணெய்ச் சுரப்பிகள் அதிகமாகச் சுரக்கின்றன. அந்த எண்ணெயும் உதிர வேண்டிய செல்களும் சேர்ந்து துளையை அடைத்துக்கொள்கின்றன. எல்லோருடைய தோலிலும் இயல்பாகவே வாழும் கியூட்டிபாக்டீரியம் ஆக்னஸ் என்ற நுண்ணுயிரி அங்கே பெருக, உடலின் எதிர்ப்பாற்றல் திரண்டு வந்து வீக்கத்தையும் சீழையும் உண்டாக்குகிறது. மாநிறமான, கருமையான தோலில் இந்த அழற்சி பளிச்சென்ற சிவப்பாகத் தெரிவதில்லை. கரும்பழுப்பாகத் தெரிவதால், உள்ளே இன்னும் புண் ஆறவில்லை என்பதைப் பலர் உணர்வதே இல்லை.

அழுக்கு என்று எண்ணுகிறவர் நாளுக்கு ஐந்தாறு முறை சோப்புப் போட்டுத் தேய்க்கிறார். ஆரோக்கியமான தோலின் பிஹெச் (அமில, கார அளவு) 5ஐ ஒட்டியது, அதாவது இலேசான அமிலத்தன்மை கொண்டது. சாதாரணக் குளியல் சோப்போ 9 முதல் 10 வரை காரமானது. அடிக்கடி தேய்த்தால் தோலின் பாதுகாப்புப் படலம் குலைந்து எரிச்சல் கூடுமே தவிர, உள்ளே இருக்கும் அடைப்பு அசைவதில்லை. காலையும் இரவும் மென்மையான ஃபேஸ்வாஷால் கழுவி, எண்ணெய்ப்பசையற்ற மாய்ஸ்சரைசர் தடவினால் போதும். ஸ்கிரப், பற்பசை, சமையல் சோடா எதுவும் வேண்டாம். எலுமிச்சைச் சாறு தடவிக்கொண்டு வெயிலில் போனால் கொப்புளமும் கருந்திட்டும் வரக்கூடும்.

பருவைப் பிதுக்குவது அடுத்த தவறு. கொஞ்சம் சீழ் வெளியே வருவதைப் பார்த்துத் திருப்தி அடைகிறோம். ஆனால் அதே அழுத்தத்தில் மயிர்க்காலின் சுவர் உட்புறமாகக் கிழிந்து, எண்ணெயும் நுண்ணுயிரியும் தோலின் ஆழமான அடுக்கில் சிந்துகின்றன. சில நாளில் ஆறியிருக்க வேண்டிய பரு வாரக்கணக்கில் கட்டியாக நின்று, பள்ளத் தழும்பில் முடிவது இப்படித்தான். கருந்திட்டு மாதங்களில் மங்கிவிடும், பள்ளம் தானாக நிரம்புவதில்லை. வலி பொறுக்க முடியாவிட்டால், சுத்தமான துணியில் சுற்றிய பனிக்கட்டியை ஓரிரு நிமிடம் ஒற்றி எடுக்கலாம்.

ஆனால் எல்லாவற்றிலும் கொடிய தவறு என்று நான் கருதுவது, மருந்துக்கடையில் கேட்டு வாங்கியோ, அக்கம்பக்கத்தில் யாரோ சொல்லியோ ஸ்டீராய்டு களிம்பைத் தடவுவதுதான். பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் போன்றவை நிறத்தைக் கூட்டும் கிரீம் என்ற பெயரில், ஹைட்ரோகுவினோன், டிரெட்டினோயின் ஆகிய வேறு தோல் மருந்துகளோடு கலந்தும் விற்கப்படுகின்றன. தடவிய இரண்டு மூன்று நாளில் வீக்கம் வற்றி முகம் தெளிந்துவிடும். ஸ்டீராய்டு அழற்சியை அடக்குவதால் வரும் இந்தத் தெளிவுதான் ஆளை ஏமாற்றுகிறது. தொடர்ந்து தடவினால் தோல் மெலிந்து, இரத்த நாளங்கள் வெளியே தெரியத் தொடங்கும். பெண்களின் முகத்திலும் முடி வளரும். முகமெங்கும் ஒரே அளவில் புதுப் பருக்கள் கிளம்பும். நிறுத்தினாலோ முன்னைவிட மோசமாக எரிந்து சிவக்கும் என்பதால், பயந்து மறுபடியும் அதையே தடவுகிறார்கள். மருத்துவர் சீட்டில்லாமல் இவற்றை விற்கக் கூடாது என்று 2018இல் இந்திய அரசு விதியை இறுக்கியும் பழக்கம் நிற்கவில்லை. ஆகவே எந்தக் களிம்பானாலும் குழாயின் மேல் பொடி எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரை வாசித்துப் பாருங்கள். மாதக்கணக்கில் தடவி வந்தவர்கள், எப்படி நிறுத்துவது என்பதைத் தோல் மருத்துவரிடம் கேட்டே நிறுத்த வேண்டும்.

சரியான மருந்தையும் தவறாகப் பயன்படுத்துவோர் உண்டு. பருவின் நுண்ணுயிரியைக் கொல்லும் பென்சாயில் பெராக்சைடு 2.5 சதவீதமே பெரும்பாலோருக்குப் போதுமானது; 10 சதவீதத்துக்குத் தாவினால் எரிச்சல்தான் மிகும். அது துண்டையும் தலையணை உறையையும் வெளுக்கும் என்பதையும் நினைவில் கொள்க. துளை அடைபடாமல் தடுக்கும் அடாபலீன் 0.1 சதவீத ஜெல்லைப் பருவின் தலையில் மட்டும் வைக்காமல், பட்டாணி அளவு எடுத்து, பரு வரும் பகுதி முழுவதும் இரவில் மெல்லியதாகப் பரப்ப வேண்டும். முதல் சில வாரங்கள் தோல் உலர்ந்து, பரு கூடியதுபோலத் தோன்றலாம். அதைக் கண்டு இரண்டே வாரத்தில் கைவிட்டுவிடுகிறார்கள், பலன் தெரிய 8 முதல் 12 வாரங்கள் ஆகும். கருவுற்றவர்கள் அடாபலீனைத் தவிர்க்க வேண்டும். கிளிண்டமைசின் என்ற ஆன்டிபயாட்டிக் ஜெல்லைத் தனியாக நெடுநாள் தடவினால் நுண்ணுயிரி அதற்குப் பழகிவிடும் என்பதால், மருத்துவர்கள் அதைப் பென்சாயில் பெராக்சைடோடு சேர்த்தே தருகிறார்கள். பகலில் எஸ்பிஎஃப் 30 சன்ஸ்கிரீன் தடவாவிட்டால் பரு ஆறிய இடத்துக் கருமை நெடுநாள் தங்கும். நெற்றி வரை வழியும் தலை எண்ணெயையும் குறைத்துக்கொள்ளலாம்.

நெற்றியிலும் மார்பிலும் ஒரே அளவில் பொடிப்பொடியாக வந்து அரிப்பவை பருவாக இல்லாமல் பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். அதற்கு ஆன்டிபயாட்டிக் தின்றால் கூடவே செய்யும். தாடைப் பருவோடு மாதவிடாய் தவறுவதும் முகவாயில் முடி வளர்வதும் சேர்ந்திருந்தால் சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினையா என்று பார்க்க வேண்டும். ஆழமான கட்டிகளோ தழும்போ தோன்றத் தொடங்கினால் காத்திருக்காமல் தோல் மருத்துவரிடம் செல்லுங்கள். அவர் ஐசோடிரெட்டினோயின் மாத்திரை தரக்கூடும். அது கடுமையான பருவுக்கு நல்ல மருந்து, ஆனால் கருவிலிருக்கும் குழந்தைக்குப் பெருங்கேடு விளைவிப்பது. ஆகவே அதைத் தோழியின் சீட்டைக் காட்டி வாங்கக் கூடாது. பெண்கள் கருவுறவில்லை என்று சோதித்துக்கொண்ட பிறகே மாத்திரையைத் தொடங்கி, அது முடிந்து ஒரு மாதம் வரையிலும் கருத்தடை முறையைக் கைக்கொள்ள வேண்டும்.