டூரிங் பைக்குக்கு ஏற்ற சரக்கு டிரெய்லரைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

டூரிங் பைக்கின் பக்கப் பெட்டிகளும் பின்பெட்டியும் போதாமல் டிரெய்லர் தேடத் தொடங்குபவர்கள், அது எத்தனை லிட்டர் கொள்ளும் என்பதைத்தான் பெரும்பாலும் முதலில் கேட்கிறார்கள். அது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி. பெட்டியில் இடம் இருந்தால் அதை நிரப்பாமல் விட யாருக்கும் மனம் வராது என்பதால், பெரிய பெட்டியை வாங்குவது பெரிய எடையை வாங்குவதுதான். டிரெய்லரின் மொத்த எடை எவ்வளவு, அது பைக்கோடு எப்படி இணைகிறது என்ற இரண்டையும் தீர்த்துக்கொண்ட பிறகு பெட்டிக்கு வரலாம்.

கடைக்குப் போகும் முன் பைக்கின் கையேட்டைப் படித்துவிடுங்கள். டிரெய்லர் இழுக்கக் கூடாது என்று வெளிப்படையாகவே எச்சரிக்கும் தயாரிப்பாளர்கள் உண்டு. அதை மீறினால் உத்தரவாதமும் காப்பீடும் சிக்கலாகலாம். சட்டமும் நாட்டுக்கு நாடு மாறும். பிரிட்டனில், சரக்கோடு சேர்த்து டிரெய்லரின் எடை 150 கிலோவையோ பைக்கின் சொந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கையோ, இவற்றில் எது குறைவோ அதைத் தாண்டக் கூடாது; அகலமும் 1 மீட்டருக்குள் இருக்க வேண்டும். எங்கே ஓட்டினாலும் இதை உச்சவரம்பாக மட்டுமே கொண்டு, அதற்கு நன்கு கீழே நிற்பது நல்லது. இவ்வகை டிரெய்லர்களில் பொதுவாகத் தனி பிரேக் கிடையாது. நிறுத்தும்போது அந்த எடை முழுவதையும் பைக்கின் பிரேக்குகளே தாங்க வேண்டும்.

மொத்த எடையைவிட நுட்பமானது, டிரெய்லரின் இழுவைக் கம்பி ஹிட்ச்சின் (பைக்கின் பின்புறத்தில் டிரெய்லரை மாட்டும் கொக்கி அமைப்பு) மேல் அழுத்தும் எடை. அது மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் இருக்க வேண்டும் என்பது பரவலான கணக்கு. அதற்குக் கீழே போனால் வேகத்தில் டிரெய்லர் வாலைப் போல இருபுறமும் அலையத் தொடங்கும். மிகவும் கூடினால், ஹிட்ச் பின்சக்கர அச்சுக்குப் பின்னால் இருப்பதால் அது நெம்புகோல் போல் செயல்பட்டு, முன்சக்கரத்தின் பிடிப்பைக் குறைக்கும். வீட்டில் உடல் எடை பார்க்கும் கருவி ஒன்றே இதை அளக்கப் போதும். சரக்கை ஏற்றிய டிரெய்லரைச் சமதளத்தில் நிறுத்தி, கருவியின் மேல் ஒரு மரக்கட்டையை வைத்து, ஹிட்ச் இருக்கும் அதே உயரத்தில் கம்பியின் முனையை அதன் மேல் இறக்குங்கள். மொத்தம் 120 கிலோ என்றால் கருவி 12 முதல் 18 கிலோ வரை காட்ட வேண்டும். காட்டாவிட்டால் கனமான பொருள்களை அச்சுக்குச் சற்று முன்னாலோ பின்னாலோ நகர்த்திப் பாருங்கள். பெட்டி அச்சுக்குப் பின்னால் நீண்டு கிடக்கும் டிரெய்லரில் இந்தச் சமநிலை எளிதில் கிடைக்காது. அத்தகையதை வாங்காமல் இருப்பதே மேல்.

வளைவில் பைக் சாயும். இரண்டு சக்கர டிரெய்லர் சாயாது. ஆகவே இணைப்பு இடத்தில் தாராளமான சுழற்சி வேண்டும். கார்களுக்கான சாதாரணப் பந்து இணைப்பு ஓரளவுதான் சுழலும். அதற்கு மேல் உலோகம் உலோகத்தில் இடிக்கும். எனவே இழுவைக் கம்பியிலேயே தனிச் சுழல் மூட்டு பொருத்தியதைத் தேடுங்கள். அப்படி இருந்தால், நின்ற இடத்தில் பைக் சரிந்து விழுந்தாலும் டிரெய்லர் உருளாது. ஹிட்ச்சுக்கு அடியில் பெருக்கல் குறியாகப் போடும் பாதுகாப்புச் சங்கிலிகளுக்கும் இந்தச் சாய்வுக்கு ஏற்ற தளர்வு வேண்டும்.

பைக்கோடு சேர்ந்து சாயும் ஒற்றைச் சக்கர டிரெய்லர்களும் உண்டு. அவை பைக்கின் தடத்திலேயே வருவதால் குழிகளைத் தவிர்ப்பது எளிது. இரண்டு சக்கர டிரெய்லரிலோ, பைக் தாண்டிய குழியில் அதன் சக்கரம் ஒன்று விழுந்துவிடும். ஆனால் ஒற்றைச் சக்கரத்தில் ஏற்றும் எடை பைக்கையும் சாய்த்து இழுக்கும் என்பதால், கூடாரமும் துணிமணியும் போன்ற இலேசான சுமைக்கே அது ஏற்றது.

சக்கர அளவில் சிக்கனம் வேண்டாம். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில், 8 அங்குல ரிம்மில் பொருத்திய சிறிய டயர் நிமிடத்துக்கு ஏறத்தாழ 1,250 முறை சுழலும். 12 அங்குல ரிம்மில் அது ஏறத்தாழ 1,000 ஆகக் குறையும். அந்த அளவுக்குப் பேரிங் சூடாவதும் டயர் தேய்வதும் குறையும், குழியில் இறங்கும் அதிர்ச்சியும் தணியும்.

விளக்குகள் எல்இடியாக இருந்தால் பைக்கின் மின்சுமை குறையும். பல பைக்குகளில் பிரேக் விளக்குக்கும் இண்டிகேட்டருக்கும் தனித்தனி வயர்கள் இருக்க, சில டிரெய்லர்களில் இரண்டுக்கும் ஒரே வயர்தான் இருக்கும். அப்போது இரண்டு சிக்னல்களையும் ஒரே வயருக்கு மாற்றித்தரும் ஒரு கன்வெர்ட்டர் இடையில் தேவைப்படும். டிரெய்லரில் ஷார்ட் ஆனால் பைக்கின் மின்சுற்று பாதிக்கப்படாதபடி ரிலேயும் ஃபியூஸும் கொண்ட தனி இணைப்பைப் போடச் சொல்லுங்கள்.

பழைய டிரெய்லர் என்றால் மூடியின் பளபளப்பில் மயங்காமல் கீழே குனிந்து பாருங்கள். இழுவைக் கம்பி சட்டத்தோடு சேரும் வெல்டிங்கை விரலால் தடவி விரிசல் தேடுங்கள். சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி மேலும் கீழும் பிடித்து அசைத்தால் பேரிங்கின் நிலை கையிலேயே தெரிந்துவிடும். டயரின் பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்கத் தேதியையும் படியுங்கள். 2319 என்றால் அது 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் தயாரானது. வெளியே பட்டை நன்றாக இருந்தாலும், பல ஆண்டுகள் நின்றே கழித்த டயரை மாற்றும் செலவைச் சேர்த்துத்தான் விலை பேச வேண்டும்.